ஆறரை மணிச் சாப்பாடு: குடிநோய் ஒரு வீட்டுக்குள்ள என்ன செய்யுது

கன்னியாகுமரி மாவட்டத்துல இருக்குற எங்க வீட்டுல ராத்திரிச் சாப்பாடு சாயங்காலம் ஆறரைக்கே முடிஞ்சிரும். சோறானாலும் சரி, மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் ஆனாலும் சரி, ஆறரை தான். ஸ்கூல்ல கூடப் படிச்சவன் ஒருத்தன் "என்னலே, நீங்க சிதறால் மலைச் சமணருக்க வம்சமா, பொழுது சாஞ்சா திங்க மாட்டியளா"ன்னு கேலி பண்ணுவான், நானும் ஆமா ஆமான்னு சிரிச்சு வைப்பேன். உண்மைக் காரணம் என்னன்னா அப்பா வர்றது ஏழரைக்கு மேல, வந்தா தட்டு எந்தப் பக்கம் பறக்கும்னு சொல்ல முடியாது, அதுக்கு முன்னாடி பிள்ளைங்க வயிறு நெறஞ்சு பாயில படுத்துரணும்ங்கிறது அம்மா வாயத் தொறந்து சொல்லாமலே போட்ட சட்டம். இருபது வயசு வரைக்கும் இதுக்கும் குடிக்கும் சம்பந்தம் இருக்குன்னே எனக்கு உறைக்கல, எங்க வீட்டுப் பழக்கம் இப்படின்னு தான் நெனச்சுட்டு இருந்தேன்.

குடிநோயப் பத்தி ஒண்ணும் தெரியாம புதுசா கேக்குறவங்களுக்கு நான் மொதல்ல சொல்றது இந்த ஆறரை மணிக் கதை தான். ரோட்டுல விழுந்து கிடக்குறது, சண்டை, ஈரல் கெட்டுப் போறது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது. வீட்டுக்குள்ள நடக்குறது வேற மாதிரி. குடிக்கிறவரு ஒருத்தரு, ஆனா அவரு எப்ப குடிப்பாரு, எவ்வளவு குடிப்பாரு, எந்த மூடுல வருவாருங்கிறத வச்சு மத்த நாலு பேரும் தூங்குற நேரம், திங்குற நேரம், பேசுற சத்தம், பணம் வைக்கிற எடம் எல்லாத்தயும் கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கிறாங்க. மாத்திக்கிட்டோம்னு அவங்களுக்கே தெரியாது. இதத் தான் டாக்டருங்களும் கவுன்சிலருங்களும் குடிய 'குடும்ப நோய்'னு சொல்றாங்க. கேக்கும்போது ஏதோ மேடைப் பேச்சு மாதிரி இருக்கும், ஆனா அது ஒரு வீடு எப்படி ஓடுதுங்கிறதோட கணக்கு.

மொதல்ல அந்த ஒருத்தருக்கு என்ன ஆகுதுன்னு பாத்துருவோம், அது புரியலன்னா மத்தது புரியாது.

எப்பவாச்சும் கல்யாண வீட்டுல குடிக்கிறவங்க எல்லாரும் குடிநோயாளி கிடையாது. (அதுக்காக அது நல்லதுன்னு அர்த்தம் இல்ல, இந்த அளவு வரைக்கும் பாதுகாப்புன்னு ஒரு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரில தெளிவா சொல்லிருச்சு.) நோய்னு சொல்ல டாக்டருங்க ஆறு அடையாளம் பாப்பாங்க. குடிச்சே ஆகணும்னு உள்ளுக்குள்ள ஒரு பிடுங்கல், ஒரு ரவுண்டோட நிறுத்தணும்னு போயி நிறுத்த முடியாம போறது, குடிக்கலன்னா கை நடுக்கம் வேர்வை தூக்கமின்மை, முன்னாடி ஒரு குவார்ட்டர்ல ஏறுன போதைக்கு இப்ப ரெண்டு தேவைப்படுறது, வேலை வீடு பிள்ளை விளையாட்டு எல்லாத்தயும் விட குடி முன்னாடி வந்து நிக்கிறது, ஒடம்பு கெடுதுன்னு தெரிஞ்ச பிறகும் தொடர்றது. ஒரு வருஷத்துக்குள்ள இதுல மூணு சேர்ந்து இருந்தா அது நோய். கவனிச்சுப் பாருங்க, தினமும் குடிக்கணும்ங்கிற நிபந்தனை இதுல எங்கயுமே இல்ல. தூத்தூர், சின்னத்துறைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போறவங்க வாரக்கணக்குல கரையப் பாக்க மாட்டாங்க, அங்க ஒரு சொட்டு கிடைக்காது, வளைகுடாவுல ரெண்டு வருஷம் வேலை பாத்துட்டு வர்றவங்களும் அப்படித்தான், ஆனா கரை ஏறுன அன்னைக்கு, ஏர்போர்ட்ல எறங்குன அன்னைக்கு ஆரம்பிச்சு லீவு முடியிற வரைக்கும் நிக்காம ஓடும். "அங்க இருக்கும்போது தொடவே மாட்டான், அவனுக்கு அடிமைத்தனம் எல்லாம் கிடையாது"ன்னு வீட்டுல சொல்லுவாங்க. கையில கிடைக்காததுக்கும் தானா நிறுத்துறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல.

ஒரு குவார்ட்டர்னா 180 மில்லி. பாட்டில் லேபிள்ல 42.8 சதவீதம்னு போட்டிருக்கும். கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 60 கிராம் சுத்தமான ஆல்கஹால். 10 கிராமை ஒரு அளவுன்னு வச்சா ஒரு குவார்ட்டர்ல ஆறு அளவு. ஈரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு அளவ தான் எரிச்சுத் தள்ளும், எலுமிச்சம் ஜூஸ் குடிச்சாலும் தலைல தண்ணி ஊத்தினாலும் அந்த வேகம் கூடாது.

இந்தக் கணக்க நான் எங்க அப்பாவோட வேலைக்கு வச்சுப் பாத்தேன். அப்பா ரப்பர் பால் வெட்டுறவரு, அருமனைப் பக்கம். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வெட்டுனா தான் பால் நல்லா எறங்கும்ங்கிறதால விடியக்காலம் நாலு மணிக்கு தலைல லைட்டக் கட்டிட்டுக் கெளம்பணும். ராத்திரி ஒம்பதரைக்கு ஒரு குவார்ட்டர முடிச்சா மூணரை வரைக்கும் உள்ள இருக்கும், சரியா வேலைக்குப் போற நேரம் பாத்து அது எறங்கிப் போயிருக்கும், அப்ப கை ஆட ஆரம்பிக்கும். பால் வெட்டுறது சும்மா கீறுறது இல்ல, பட்டைய அரிசித் தவிடு மாதிரி மெல்லிசா சீவணும், கொஞ்சம் ஆழமாப் போனா உள்ள இருக்குற பச்சைப் பாகத்துல கத்தி பட்டு மரம் காயப்படும், அந்த எடத்துல பின்னால முண்டு முண்டா பட்டை வளரும், அப்புறம் அங்க வெட்ட முடியாது. தோட்டக்காரரு மரத்தப் பாத்தே சொல்லிருவாரு, எந்த நாளு கை நடுங்குச்சுன்னு. அதனால அப்பா என்ன பண்ணாரு, கை நேரா நிக்க காலைல நாலு மணிக்கே ஒரு வாய் ஊத்த ஆரம்பிச்சாரு. வெளிய இருந்து பாக்குறவங்க "காலங்காத்தாலயே குடிக்கான் பாரு, திமிரு"ன்னாங்க. அவருக்கு அது வேலை பாக்குறதுக்கான மருந்து. நோய் முத்திருச்சுன்னு காட்டுற பெரிய அடையாளமே அந்தக் காலைக் குடி தான்.

இது ஏன் இப்படின்னா, நம்ம மூளைல பிரேக் மாதிரி ஒண்ணு ஆக்ஸிலரேட்டர் மாதிரி ஒண்ணு வேலை செய்யுது, காபான்னு ஒரு ரசாயனம் அடக்கி வைக்கும், குளூட்டமேட்னு இன்னொண்ணு முடுக்கி விடும். சாராயம் பிரேக்க அமுக்குது. தினமும் அமுக்குனா மூளை சும்மா இருக்குமா, ஈடு கட்ட ஆக்ஸிலரேட்டரக் கூட்டிக்கும். இப்ப திடீர்னு குடி நின்னா பிரேக்க அமுக்குற கால் எடுத்தாச்சு, ஆக்ஸிலரேட்டர் மட்டும் முழுசா மிதிச்ச நெலைல இருக்கு. அதான் நடுக்கம், வேர்வை, படபடப்பு. சில பேருக்கு முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரும், ரெண்டு மூணு நாள் கழிச்சு ஆள் யாருன்னு தெரியாத அளவுக்குக் குழப்பம், இல்லாத பூச்சி செவத்துல ஊருறது, யாரோ கூப்பிடுற சத்தம், இதெல்லாம் வரும், இது உயிருக்கே ஆபத்து. எங்க ஊர்ல இதுக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு கயிறு கட்டக் கூட்டிட்டுப் போவாங்க. அந்த நேரத்துல போக வேண்டிய எடம் ஆஸ்பத்திரி. அதனால நல்லா வருஷக்கணக்கா குடிக்கிற ஒருத்தர "இன்னைலருந்து ஒரு சொட்டு தொடக் கூடாது"ன்னு ரூம்ல போட்டுப் பூட்டுறது வீரம் மாதிரி தெரியும், ஆள் செத்தும் போவாங்க. 2020 மார்ச் கடைசில லாக்டவுனுக்குக் கடைய மூடி மே 7 வரைக்கும் தெறக்கல, அப்ப இந்தப் பிரச்சினை வெளிச்சத்துக்கு வந்துச்சு. களியக்காவிளை தாண்டுனா கேரளா, அங்க அரசாங்கம் டாக்டர் சீட்டு இருந்தா சாராயம் குடுக்கலாம்னு உத்தரவே போட்டுச்சு, டாக்டருங்க எதிர்த்தாங்க, ஹைகோர்ட் தடை போட்டுருச்சு.

சரி, ஒடம்புக் கதை போதும். வீட்டுக்கு வருவோம்.

ஒரு வீட்டுல மொதல்ல மாறுறது காது. இது நானா சொல்றது, எந்தப் புத்தகத்துலயும் படிக்கல. பைக் ஸ்டாண்டப் போடுற சத்தம் வச்சு அன்னைக்கு ராத்திரி எப்படின்னு எங்க மூணு பேருக்கும் தெரியும். ஒரே தடவைல டக்குன்னு விழுந்தா பரவால்ல. ரெண்டு மூணு தடவ கால் வழுக்கி, செருப்பு சரல்ல இழுபட்டா டிவி ஆஃப், லைட் ஆஃப், அக்கா தம்பிய செவத்துப் பக்கம் தள்ளிட்டு இவ இந்தப் பக்கம் படுத்துக்குவா. படுத்துட்டு மூச்ச மெதுவா விடணும், அப்ப தான் தூங்குற மாதிரி இருக்கும். இந்தப் பயிற்சி எல்லாம் யாரும் சொல்லித் தரல. நாள் பூரா சத்தத்துக்குக் காத்துக்கிட்டே இருக்குற ஒடம்பு படிப்புல எப்படி நிக்கும். 2011 கணக்கெடுப்புல படிப்பறிவுல தமிழ்நாட்டுலயே முதல் எடம் எங்க மாவட்டம் தான், பெருமை தான், ஆனா குடி படிச்ச வீடு படிக்காத வீடுன்னு பாத்து நுழையுறது இல்ல, வாத்தியார் வீட்டுலயும் இதே பைக் சத்தத்துக்கு இதே மாதிரி டிவி ஆஃப் ஆகுறத நான் பாத்திருக்கேன்.

அடுத்தது பணம். ஒரு நாளைக்கு 200 ரூபாய்னு வைங்க, மாசம் 6000, வருஷம் 73,000. ஆனா அது மேலோட்டமான கணக்கு, நிஜமான ஓட்டை வேற எடத்துல. மழை நாள்ல பால் வெட்டு கிடையாது, கூலியும் கிடையாது, குடி மட்டும் உண்டு. அப்ப கடன். கடன அடைக்க அம்மா குழு லோன் எடுப்பாங்க, குழு லோன் தவணைக்கு கம்மலப் பணயம் வைப்பாங்க, வட்டி ஏறி கம்மல் மூழ்கும். வீட்டுல நாலு ரப்பர் மரம் நின்னுச்சு, அதோட சிரட்டைல ஒட்டி இருக்குற ஒட்டுபால் அம்மாவோட கணக்கு, சாக்குல சேத்து வச்சு ஸ்கூல் திறக்கும்போது வித்து நோட்டு வாங்குவாங்க. ஒரு வருஷம் மே மாசம் சாக்கத் தூக்கிப் பாத்தா லேசா இருந்துச்சு. உள்ள பாதி தேங்கா நார். அம்மா ஒண்ணும் கேக்கல, நாரக் கொட்டி அடுப்புக்கு எடுத்துட்டாங்க. அன்னைலருந்து பணம் அரிசிப் பானைக்கு அடியில, அப்புறம் பக்கத்து வீட்டு மாமிகிட்ட, அப்புறம் அக்காவோட ஜாமெட்ரி பாக்ஸ்ல. அப்பாக்கும் தெரியும் ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டுக்குள்ள ஒருத்தர ஒருத்தர் துப்பறியுற வாழ்க்கை.

இதோட ஒட்டி வர்றது மூடி மறைக்கிறது. இதப் புரிஞ்சுக்கிறது தான் கஷ்டம். காலைல எந்திரிக்க முடியாத நாள்ல அம்மா தான் தோட்டக்காரருக்கு போன் போடுவாங்க, "அவியளுக்கு ராத்திரி பூரா காய்ச்சலு, இன்னைக்கு வர முடியாது கேட்டியளா"ன்னு. அம்மை வீட்டுல, அதாவது என் பாட்டி வீட்டுல, கேட்டா எல்லாம் கொள்ளாம்னு தான் பதில். கடைல பாக்கி வச்சா அம்மா போயி அடைப்பாங்க, வாந்தி எடுத்தா கழுவுவாங்க, காலைல அவரு எந்திரிக்கும்போது வீடு துப்புரவா இருக்கும். கவுன்சிலருங்க இதுக்கு ஒரு பேரு வச்சிருக்காங்க, துணைபோறதுன்னு. அந்த வார்த்தைய மொத தடவ கேட்டப்ப எனக்குக் கோவம் வந்துச்சு, குடிச்சது ஒருத்தன், குத்தம் இவ மேலயான்னு. அப்புறம் தான் விளங்குச்சு. அம்மா செஞ்சது எல்லாம் அந்த நேரத்துக்குப் பிள்ளைங்களக் காப்பாத்துற வேலை, கூலி போச்சுன்னா சோறு போச்சு. ஆனா அதோட பலன் என்னன்னா, குடிச்சவரு தன் குடியோட விளைவ ஒரு நாளும் கண்ணால பாக்கல. வாந்தியும் பாக்கல, தோட்டக்காரரு முகத்தயும் பாக்கல. அவரப் பொறுத்த வரைக்கும் எல்லாம் சரியாத் தானே ஓடுது. ரெண்டும் ஒரே நேரத்துல உண்மை. பொம்பளையக் குத்தம் சொல்றதுக்கு இந்த வார்த்தையத் தூக்கிட்டு வர்றவங்கள எனக்குப் பிடிக்காது, அது வேற விஷயம்.

ஏன்னா குத்தம் சொல்றவங்களுக்கு ஏற்கனவே பஞ்சம் இல்ல. "நல்லா வச்சு விளம்புனா அவன் ஏன் வெளிய போறான்", இது அப்பா வீட்டுப் பக்கம். "பொறுத்துப் போ, பிள்ளைய வளந்தா மாறிருவான்", இது அம்மா வீட்டுப் பக்கம். நாலு மயினிமாரு சேந்தா நாலு வைத்தியம். கோயில்ல சத்தியம், சர்ச்சுல நோன்பு, மாலை போட்டா நாப்பத்தொண்ணு நாள் நிக்கும், கழட்டுன அன்னைக்கு சேத்து வச்சுக் குடி. அந்த நாப்பத்தொண்ணு நாள் நிக்கிறதப் பாத்து "மனசு வச்சா முடியும்ல, பொண்டாட்டி பிள்ளைக்காக மனசு வைக்க மாட்டான்"னு அம்மா அழுவாங்க. கொஞ்ச நாள் நிறுத்துறது பல நோயாளிங்களால முடியும். நிறுத்தி வச்ச நெலைலயே இருக்குறது தான் நோய் விடாத எடம்.

பிள்ளைங்க விஷயத்துக்கு வரேன். ஒரே வீட்டுல ஒரே அப்பாவுக்குப் பொறந்த மூணு பிள்ளை மூணு விதமா ஆனோம். அக்கா பத்து வயசுல சின்ன அம்மா ஆகிட்டா, ரேஷன் கடை, தம்பியோட யூனிஃபார்ம், அம்மாவுக்குத் தலைவலித் தைலம், எல்லாம் அவ பொறுப்பு, ஊரே மெச்சும், "என்ன பொறுப்பான பிள்ளை"ன்னு. அவ விளையாண்டு நான் பாத்ததே இல்ல. தம்பி ஸ்கூல்ல அடிதடி, கண்ணாடிய ஒடைப்பான், வாத்தியார் அப்பாவக் கூட்டிட்டு வான்னா அதுக்கு பயந்து ரெண்டு நாள் ஸ்கூலுக்கே போக மாட்டான். நான் இருக்குற எடமே தெரியாம இருப்பேன், அது தான் என் திறமை. குடிநோயாளி வீட்டுப் பிள்ளைங்களோட வேலை பாத்தவங்க இந்த மாதிரி வேஷங்களப் பத்தி நெறய எழுதி இருக்காங்க, பொறுப்பாளி, வம்புக்காரன், காணாமப் போற பிள்ளை, சிரிக்க வைக்கிற கோமாளின்னு. எல்லா வீட்டுக்கும் அச்சடிச்ச மாதிரி பொருந்தாது, ஜாதகம் மாதிரி எடுத்துக்காதீங்க. ஆனா நல்லாப் படிக்கிற, பொறுப்பா இருக்குற பிள்ளைக்குப் பாதிப்பு இல்லன்னு நினைக்கிறது தான் எல்லாரும் பண்ற தப்பு. அக்காவுக்கு இப்ப முப்பத்தாறு வயசு, வீட்டுக்காரரு டீ கூட ரெண்டு தடவ குடிக்காத ஆளு, ஆனா அவரு வர அரைமணி நேரம் லேட் ஆனா அவளுக்கு வயிறு கலங்கும்.

வம்சத்துல வருமான்னு கேப்பாங்க. குடிநோய் வர்ற வாய்ப்புல ஏறக்குறைய பாதி பரம்பரையோட சேர்ந்ததுன்னு ஆராய்ச்சிகள் சொல்லுது, மீதி வளர்ற சூழல், எந்த வயசுல தொட்டோம், கையில எவ்வளவு சுலபமாக் கிடைக்குது, இதெல்லாம். பாதின்னா தலையெழுத்துன்னு அர்த்தம் இல்ல, நம்ம அடுத்தவனோட சேந்து "ஒண்ணும் ஆகாது"ன்னு ஆரம்பிச்சா நமக்கு ஆகுற வாய்ப்பு அவன விட அதிகம்னு அர்த்தம். நான் இது வரைக்கும் தொட்டதில்ல. கொள்கை எல்லாம் கிடையாது, பயம்.

புருஷன் பெண்டாட்டிக்குள்ள நடக்குறதப் பத்தி நம்ம ஆளுங்க பேசவே மாட்டாங்க. வருஷக்கணக்கா குடிச்சா ஆம்பளைக்கு அந்த விஷயத்துல பலவீனம் வரும், அத ஒத்துக்க முடியாம பழி அவ பக்கம் திரும்பும், சந்தேகம் கிளம்பும். பால்காரன், பஸ் கண்டக்டர், கூடப்பொறந்த அண்ணன் கூட, யாரையும் விடாது. அப்படி முத்துன சந்தேகத்த டாக்டருங்க மனநோயாவே பாக்குறாங்க, பதில் சொல்லிச் சொல்லி நிரூபிச்சு அதத் தீர்க்க முடியாது. அடி விழுறதும் இதுல தான் பெரும்பாலும் ஆரம்பம். தேசியக் குடும்பநல ஆய்வுல, அடிக்கடி போதையாகுற புருஷன் இருக்குற பெண்கள் வன்முறைய அனுபவிக்கிறது குடிக்காத புருஷன் இருக்குறவங்கள விட கிட்டத்தட்ட மூணு மடங்கு. போதைல தெரியாம அடிச்சான்னு சொல்லுவாங்க. எங்க அப்பா எத்தன போதைலயும் தோட்டக்காரர அடிச்சதில்ல.

இத ஏன் சொல்றேன்னா குடிக்கு வைத்தியம் பாக்குறதும் அடிக்குத் தடுப்பு தேடுறதும் ரெண்டு தனித்தனி வேலை, ஒண்ணு முடியட்டும்னு இன்னொண்ணு காத்திருக்க வேண்டாம். 2005ல வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடிய மட்டும் வன்முறைன்னு சொல்லல, செலவுக்குக் காசு குடுக்காம இருக்குறது, அவ நகைய எடுத்து விக்கிறது இதயும் சேத்து தான் சொல்லுது. வீடு புருஷன் பேருல இருந்தாலும் அதுல இருக்குற உரிமை அவளுக்கு உண்டு, எறங்கிப் போன்னு சொல்ல முடியாது. மாவட்ட சமூகநல அலுவலகத்துல இதுக்குன்னே பாதுகாப்பு அலுவலர் இருக்காங்க. பொம்பளைங்களுக்கு 181, பிள்ளைங்களுக்கு 1098, ரெண்டும் காசில்லாத போன்.

கடைய மூடுனா எல்லாம் சரியாகிருமான்னு ஒரு பெரிய விவாதம் இருக்கு. சாராயத்த சில்லறையா விக்கிறது 2003ல இருந்து அரசாங்கத்தோட கையில, டாஸ்மாக். எங்க மார்த்தாண்டம் பக்கம் உண்ணாமலைக்கடைல தான் 2015 ஜூலை 31ல காந்தியவாதி சசி பெருமாள் கடைய எடுக்கச் சொல்லி செல்போன் டவர்ல ஏறிப் போராடி உயிர விட்டாரு, சேலத்துக்காரரு, எங்க ஊருக் கடைக்காக வந்து செத்தாரு. அந்த ஆளு மேல எனக்கு மரியாதை உண்டு. வழில கடை இல்லன்னா புதுசா ஆரம்பிக்கிறவன் குறைவான், குடி நிறுத்துனவன் திரும்ப விழுறதும் குறையும், அது நிஜம். ஆனா ஏற்கனவே நோய் பிடிச்ச ஆளு அடுத்த ஊர் வரைக்கும் நடப்பான், அவனுக்கு வேண்டியது வைத்தியம். அது தான் நம்ம நாட்டுல கிடைக்கல. 2019ல மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்துன ஆய்வுல, குடிக்கு அடிமையான 38 பேர்ல ஒருத்தருக்குத் தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைச்சதுன்னு வந்துச்சு. மீதி 37 பேரும் யார் வீட்டுல இருக்காங்க, நம்ம வீட்டுல தான்.

வைத்தியம்னா என்ன. மொதல்ல ஒரு வாரம் பத்து நாள் ஆஸ்பத்திரில வச்சு அந்த நடுக்கம் வலிப்பு வராம மாத்திரை குடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பாங்க, கூடவே பி1 வைட்டமின் ஊசி, ஏன்னா குடிகாரங்களுக்கு அது வத்திப் போயி மூளை பாதிக்கும். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, அரசாங்க ஆஸ்பத்திரி தானேன்னு தயங்க வேண்டாம். 14446க்கு போன் பண்ணா போதை மீட்புக்கு எங்க போகலாம்னு சொல்லுவாங்க, 14416 மனநலத்துக்கு. இந்தப் பத்து நாள் முடிஞ்சதும் "குணமாகிட்டான்"னு கேசரி கிண்டிராதீங்க, அங்க தான் ஆரம்பமே. ஆசைய மட்டுப்படுத்துற மாத்திரை, கவுன்சிலிங், குடிய நிறுத்துனவங்க ஒண்ணாக் கூடிப் பேசுற ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம்னு வருஷக்கணக்குல போகும். விழுறதும் நடக்கும், எங்க அப்பா ரெண்டு தடவ விழுந்தாரு. சுகர் பேஷண்ட் ஒரு நாள் ஜாங்கிரி தின்னா அவர வீட்ட விட்டுத் துரத்துறோமா. மொதத் தடவ நாங்க போன ஒரு எடம், பேரு வேண்டாம், மூணு மாசம் ரூம்ல பூட்டி வச்சதத் தவிர ஒண்ணும் பண்ணல, டாக்டர் யாரும் வந்த மாதிரியே இல்ல, அப்பா வெளிய வந்த அன்னைக்கு சாயங்காலமே குடிச்சாரு. லைசென்ஸ் இருக்கா, டாக்டர் இருக்காங்களான்னு கேட்டுட்டுச் சேருங்க.

ஒண்ணு மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்றேன். கரண்டு போஸ்ட்ல ஒட்டி இருப்பாங்க பாருங்க, அவருக்கே தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுத்தா குடிய மறப்பார்னு. அதுல பல நேரம் இருக்குறது டைசல்ஃபிரம்ங்கிற மருந்தா இருக்கலாம். அது உள்ள இருக்கும்போது குடிச்சா முகம் செவந்து, நெஞ்சு அடிச்சு, வாந்தி வந்து, பிரஷர் சரிஞ்சு விழும், இதயம் பலவீனமா இருந்தா ஆளே போயிரும். டாக்டர் அந்த மருந்தக் குடுக்கும்போது நோயாளிகிட்டச் சொல்லி, அவரு ஒத்துக்கிட்ட பிறகு தான் குடுப்பாங்க. கிழங்குக் கறில கலந்து போடுற சாமான் இல்ல அது. எங்க அம்மா இத வாங்கி வச்சிருந்தாங்க, கலக்க மனசு வராம சாமி படத்துக்குப் பின்னாடியே கிடந்துச்சு, அந்தத் தயக்கத்துக்கு நான் இன்னைக்கும் நன்றி சொல்றேன்.

குடும்பத்துக்கும் தனியா வைத்தியம் வேணும்ங்கிற யோசனை புதுசு இல்ல. அமெரிக்காவுல 1935ல ஏஏ ஆரம்பிச்சது, அத ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரோட மனைவி முன்ன நின்னு 1951ல குடும்பத்தாருக்குன்னு அல்அனான் ஆரம்பிச்சாங்க. இங்க சென்னைல சாந்தி ரங்கநாதன், குடியால புருஷன இழந்தவங்க, 1980ல ஆரம்பிச்ச போதை மீட்பு மையத்துல, டிடிகே ஆஸ்பத்திரின்னு சொல்றது அதத் தான், வீட்டு ஆளுங்களயும் உக்கார வச்சுப் பேசுறத வைத்தியத்தோட பாகமா வச்சாங்க. அல்அனான்ல மூணு விஷயம் சொல்லிக் குடுப்பாங்க, இந்த நோய நான் உண்டாக்கல, என்னால அத அடக்க முடியாது, என்னால அதக் குணப்படுத்தவும் முடியாது. அம்மாவுக்கு கவுன்சிலர் மேடம் இத விளக்குனப்ப அவங்க கேட்டது ஒரே கேள்வி, "அப்பம் நான் இத்தன வருஷமா என்ன செஞ்சிட்டு இருந்தேன் பிள்ளே?" அந்த மேடம் உடனே பதில் சொல்லல, கட்டன் சாயா வாங்கிட்டு வரச் சொன்னாங்க. அப்புறம் ஒரு மணி நேரம் பேசுனாங்க. தோட்டக்காரருக்கு போன் பண்றத நிறுத்துறதுல இருந்து ஆரம்பிச்சாங்க அம்மா. மொத தடவ போன் பண்ணாம இருந்த காலைல கை நடுங்குனது அம்மாவுக்கு.

நிறுத்துன பிறகு வீட்டுல என்ன நடக்கும்னு யாரும் முன்னாடியே சொல்றது இல்ல. எல்லாம் இனி சந்தோஷம்னு தான் நெனச்சோம். அப்பா ஆறு மணிக்கு வர ஆரம்பிச்சாரு. பைக் ஸ்டாண்ட் ஒரே தடவைல விழுது. உள்ள வந்து உக்காருறாரு. யாருக்கும் என்ன பேசுறதுன்னு தெரியல. குடிக்காத அப்பா எங்களுக்கு முன்னப் பின்ன அறிமுகம் இல்லாத ஆளு. அவரு தம்பிய "படிச்சியாலே"ன்னு கேட்டா தம்பி "இப்ப தான் தெரிஞ்சுதா"ம்பான். வீட்டு வரவு செலவு பூரா அம்மா கையில, அவரு ஏடிஎம் கார்டக் கேக்குறாரு, அம்மா குடுக்கல, அவரு மூஞ்சி தொங்கும். பாத்ரூம் போய்ட்டு ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தா அம்மா அவரு தோர்த்துத் துண்ட எடுத்து மோந்து பாப்பாங்க, அவரு அதப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம முற்றத்துல போயி உக்காருவாரு. குடி இருந்தப்ப எல்லாப் பழியும் அது மேல போட்டுட்டு இருந்தோம், அது போனதும் எங்களுக்குள்ள இருந்த மத்த கோவமெல்லாம் ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. பல வீட்டுல இந்தக் கட்டத்துல தான் "குடிச்சுட்டு இருந்தப்பவே பரவால்ல"ன்னு யாராச்சும் சொல்லுவாங்க. எங்க வீட்டுல சொன்னது நான்.

அஞ்சாறு மாசம் கழிச்சு கவுன்சிலிங்ல எல்லாரையும் உக்கார வச்சு, வீட்டுல என்ன மாறணும்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. அம்மா கம்மல்னாங்க. அக்கா ஒண்ணும் வேண்டாம்னா, எப்பவும் போல. அப்பா ரொம்ப நேரம் கீழ பாத்துட்டு இருந்தாரு, அப்புறம், "எல்லாரும் ஆறரைக்குத் தின்னுட்டு படுத்துருதாவ, எனக்கு மட்டும் மூடி வச்சிருக்கு, நான் ஆறு மணிக்கே வீட்டுல தானே இருக்கேன், ஏன்னு கேக்கவும் பயமா இருக்கு"ன்னாரு. எங்க யாருக்கும் அது தோணவே இல்ல. அவரு குடிய நிறுத்தி அத்தன மாசமாகியும் நாங்க அதே ஆறரைக்கு, அவருக்கு முன்னாலயே, அவர விட்டுட்டு சாப்பிட்டு பாயில படுத்துட்டு இருந்தோம்.

இப்ப எங்க வீட்டுல சாப்பாடு எட்டு மணிக்கு, அப்பா தான் கிழங்கு தோலுரிக்கிறது. தம்பி மட்டும் லீவுக்கு வந்தா ஆறரைக்கே அடுக்களைல போயி சட்டிய உருட்டிட்டு இருப்பான், பசிக்குதாம்.